ரைட் கார்னரில் ஓர் அண்ணன்

போடி பக்கத்து ஆட்களுக்கு 'ஏலம்' என்றால் இரண்டு அர்த்தம். மலையில் விளைகிற காய் ஒன்று. அதை விற்கிற முறை இன்னொன்று. 'ஏலத்தை ஏலம் விடப் போயிருக்காக' என்று யாராவது சொன்னால் வெளியூர்க்காரர் கொஞ்சம் முழிப்பார். 2014-இல் மூன்றாவதாக ஒரு சங்கதியும் வந்து சேர்ந்துகொண்டது. கபடி ஆடுகிற ஆட்களையே ஏலம் விட ஆரம்பித்தார்கள்.

புரோ கபடி லீக் தொடங்கிய வருடம் அது. முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். 12 லட்சத்து 80 ஆயிரம். நாலே வருடத்தில், 2018-இல், மோனு கோயத் ஒன்றரைக் கோடிக்கு மேல் போனார். 2023-இல் பவன் செராவத்தை இரண்டு கோடியே அறுபது லட்சத்துக்கு எடுத்தார்கள். "சடுகுடுவுக்கா இம்புட்டுக் காசு!" என்று வாயைப் பிளந்தவர்களில் எங்க ஊர் ராசிங்காபுரத்துக்காரர்களும் உண்டு. பிளந்ததோடு நிற்கவில்லை. ஏலம் அவர்களுக்குப் பழகின விஷயமாச்சே, டீக்கடையில் உட்கார்ந்து உடனே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்கள்.

ஏலக்காய்க்கு விலை வைக்கிறவர் முக்கியமாக இரண்டைப் பார்ப்பார். காய் எவ்வளவு பருமன், எவ்வளவு பச்சை. உள்ளே வாசம் இருந்தாலும், வெளுத்த காய்க்கு விலை இறங்கிவிடும். ஆட்டக்காரர்களுக்கும் அதே கணக்குதான். பருமனுக்குப் பதில் தெம்பு, பச்சைக்குப் பதில் வயசு. முப்பதைத் தாண்டிவிட்டால் காய் வெளுத்துவிட்டது என்று அர்த்தம்.

வெளுத்த காய் ஒன்று வருஷா வருஷம் விலை போன கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

தர்மராஜ் சேரலாதன். கபடி பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும். பார்க்காதவர்களுக்காக: தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். 1975 ஏப்ரலில் பிறந்தவர். அவர் தம்பி தர்மராஜ் கோபுவும் லீக்கில் ஆடியவர். லீக் தொடங்கிய 2014 ஜூலையில் சேரலாதனுக்கு 39 வயது முடிந்திருந்தது. மற்றவர்கள் ஓய்வு அறிவித்துவிட்டு சால்வை வாங்கிக்கொள்கிற வயதில், இவர் முதல்முறையாக டி.வி. வெளிச்சத்தில் வந்து நின்றார்.

பெங்களூரு புல்ஸில் தொடங்கி, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா என்று அணி மாறி அணி ஆடினார். எங்கே போனாலும் பெயர் ஒன்றுதான். 'அண்ணா'. தமிழே தெரியாத ஹரியானாப் பையன்கள், உத்தரப்பிரதேசப் பையன்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாதான். ஸ்டேடியத்தில் வர்ணனை செய்கிறவர்களும் அண்ணா என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நம் ஊரில் காய்கறிக் கடைக்காரரையும் பஸ் கண்டக்டரையும் கூப்பிடுகிற அதே சொல், வடக்கே போய் ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அவர் நிற்கிற இடம் ரைட் கார்னர். அங்கே நிற்கிறவரின் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கும்.

கபடியில் பாடி வருகிறவர் மேல்தான் எல்லாருடைய கண்ணும் இருக்கும். போஸ்டரில் அவர் படம்தான் வரும். ஏலத்தில் கோடியைத் தொடுகிறவர்களில் பெரும்பாலோர் ரைடர்கள்தான். எதிர்ப்பக்கம் ஏழு பேர் கைகோத்து அரைவட்டமாக நிற்பார்கள். அதில் இரண்டு ஓரத்திலும் நிற்கிறவர்கள் கார்னர்கள். பாடி வருகிறவர் போனஸ் கோட்டைத் தொட காலை நீட்டுகிறாரே, அந்தக் காலை எடுக்கவேண்டியது இவர்கள் பொறுப்பு. எடுப்பது என்றால் சும்மா இல்லை. எழுபது எண்பது கிலோ உடம்பு முழு வேகத்தில் திரும்பி ஓடப்போகிற அந்த ஒரு நொடியில், தலையைக் குனிந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு நேரே முழங்கால் இருக்கும். அரை நொடி முந்தினால் ரைடர் தாண்டிப் போய்விடுவார். அரை நொடி பிந்தினால் பல் போய்விடும்.

ரைடருக்குக் கால்தான் மூலதனம். முப்பது வயசில் அது கரைய ஆரம்பிக்கும். கார்னருக்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும். முப்பது நொடியில் இருபத்தெட்டு நொடி ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிய வேண்டும். அது இருபது வயசில் யாருக்கும் வராது. சின்னப் பையன்கள் துடிப்பார்கள், ரைடர் உள்ளே வந்ததுமே பாய்ந்துவிடுவார்கள், பாயிண்டைக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்காருவார்கள். சேரலாதன் பாய்வதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிறவனின் கையை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை டி.வி.யிலேயே பார்க்கலாம். 'பொறு, இன்னும் வரட்டும்' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் அவர் எடுத்த பிடிகளைவிட, எடுக்கவிடாமல் நிறுத்திய தப்பான பிடிகள்தான் அதிகம் இருக்கும். அதற்கு பாயிண்ட் கிடையாது. ஸ்கோர் போர்டில் வராது.

2016 அவருக்கு என்றே வந்த வருடம். ஜூலை 31, ஹைதராபாத். பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டன். ஜெய்ப்பூரை 37-29 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார். அப்போது வயது 41. அவருக்குப் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த பர்தீப் நர்வாலுக்கு இருபதுக்குக் கிட்டத்தில். அதே அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக்கோப்பை. முதல் ஆட்டத்திலேயே இந்தியா கொரியாவிடம் இரண்டு பாயிண்டில் தோற்று, ஊரெல்லாம் திட்டித் தீர்த்தது. இறுதி ஆட்டத்தில் பாதிவரை ஈரான்தான் முன்னால் இருந்தது. கடைசியில் 38-29. தங்கம் வாங்கிய அந்த அணியில் நம் அண்ணாவும் ஒருவர்.

மூன்று வருடம் கழித்து, 2019-இல், ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரைக் கேப்டனாக்கியது. 44 வயது! கபடியின் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிற ஹரியானா, தஞ்சாவூர்க்காரரிடம் அணியைக் கொடுத்தது. 44 வயதில் நீங்களும் நானும் இரண்டாவது மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தோம் என்பதை இங்கே பெரிதுபடுத்த வேண்டாம்.

இப்போது உங்களை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். காரணம் இருக்கிறது.

அங்கே ஃபுட்டி என்று ஓர் ஆட்டம். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் என்பது முழுப்பெயர். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், அணிக்கு 18 பேர். காலால் உதைக்கலாம், கையால் குத்தித் தள்ளலாம், அடுத்தவன் தோள்மேல் ஏறிப் பந்தைப் பிடிக்கலாம். பார்க்கிற நமக்கு மாட்டுப்பொங்கல் சாயங்காலம் மாதிரி இருக்கும். அவர்களுக்கு அதுதான் உயிர். அந்த ஆட்டத்தில் பிரென்ட் ஹார்வி என்று ஒருவர், ஆள் குள்ளம், நார்த் மெல்போர்ன் என்ற ஒரே கிளப்புக்கு 1996-இல் இருந்து ஆடினார். 2016 ஜூலைக் கடைசியில், நம்மாள் ஹைதராபாத்தில் கோப்பை தூக்கிய அதே வார இறுதியில், ஹார்வி தன் 427-ஆவது ஆட்டத்தை ஆடினார். அதற்கு முன்னால் மைக்கேல் டக் என்பவர் 426 ஆட்டம் ஆடி 1991-இல் நிறுத்தியிருந்தார். அந்த எண்ணிக்கையைத் தாண்ட இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

அந்த நாட்டில் இதற்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. 100-ஆவது ஆட்டம், 200-ஆவது ஆட்டம், 300-ஆவது ஆட்டம் என்று ஒவ்வொன்றும் திருவிழா. மைதானத்துக்குள் வரும்போது வீட்டு வாசல் அகலத்துக்குப் பத்து மடங்கு இருக்கிற காகித பேனர் கட்டி, அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவரச் செய்வார்கள். முடிந்ததும் கூட ஆடியவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோல் அடித்தாரா, ஜெயித்தாரா என்பதெல்லாம் அப்புறம். இத்தனை தடவை உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அதற்குத்தான் தோள்.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. சாதனை படைத்துச் சில வாரங்களில், அடுத்த வருடத்துக்கு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்று கிளப் சொல்லிவிட்டது. 38 வயது. அவர் இன்னும் ஆடத் தயாராகத்தான் இருந்தார். 432-ஓடு நின்றது. காய் வெளுத்துவிட்டது என்று அங்கேயும் ஒரு ஏலக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனாலும் 432 என்ற எண்ணை யாரும் எடுத்துக்கொண்டுபோக முடியாது.

ஒரு வேடிக்கையும் நடந்தது. அகமதாபாத் உலகக்கோப்பைக்கு ஆஸ்திரேலியாவும் ஓர் அணியை அனுப்பியது. கபடிக்கு அங்கே ஆள் ஏது? ஃபுட்டி ஆடி ஓய்வு பெற்றவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடி, 2008-இல் ஹாதார்ன் அணியோடு சாம்பியன் பட்டம் வாங்கிய கேம்பெல் பிரவுன் அதில் ஒருவர். இந்தியாவோடு மோதி 54-20 என்று தோற்றார்கள். தோற்றால் என்ன, முட்டிமோதிப் பழகின உடம்பு இன்னொரு முட்டல் ஆட்டத்தை அடையாளம் கண்டுகொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி. ஹார்விக்கு 432. நம்ம சேரலாதனுக்கு எத்தனை?

லீக்கில் ஆடியது நூறுக்கு மேல். அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. எத்தனை பிடி, எத்தனை தவறு, எல்லாம் இருக்கிறது. 2014-க்கு முன்னால்? கோயில் கொடை, பொங்கல் விழா, மாவட்டம், மாநிலம் என்று கிராமத்துப் பையன் ஒருவன் மண் தரையில் ஆடி மேலே வருகிற அந்தப் பாதையில் எத்தனை ராத்திரி, எத்தனை ஊர்? கணக்கு கிடையாது. அவர் ஒருத்தருக்கு என்று இல்லை. மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் கதையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-இல் 'பைசன்' எடுத்த பிறகுதான் நம்மில் பாதிப் பேருக்குப் பெயரே தெரிந்தது. தங்கத்துக்கும் நமக்கும் நடுவில் முப்பத்தொரு வருடம்.

எங்க ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

ராசிங்காபுரம், போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் சிலமலையைத் தாண்டி இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைதான். விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் போகும். அங்கிட்டு இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். பெண்கள் காய் எடுப்பார்கள். ஆண்களுக்கு மருந்தடிப்பு, கவாத்து, சுமை. பொழுது சாய இறக்கிவிடும். நாள் முழுக்கச் சரிவில் கால் ஊன்றி நின்ற ஆள் வந்து, கை கால் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கபடிக்கு இறங்குவார் என்றால் உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். எங்க ஊரில் அப்படி ஒரு அண்ணன் இருந்தார். அவரும் ரைட் கார்னர்தான். மலைச் சரிவில் பழகின கால் என்பதாலோ என்னவோ, பிடித்தால் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

முப்பத்தாறு வயசு வரைக்கும் ஆடினார். "ஒனக்குப் பின்னாடி பெறந்தவனெல்லாம் பிள்ளகுட்டியோட ஓரமா ஒக்காந்து பாக்குறான். நீ இன்னும் டவுசரப் போட்டுக்கிட்டு அலையிறியேடா" என்று அவர் ஆத்தா ஏசாத நாள் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி எங்கேயாவது மின்னொளிக் கபடி என்றால் டீம் வேனில் தொங்கிக்கொண்டு போவார். உத்தமபாளையம், ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று போகாத ஊர் இல்லை. ஞாயிறு விடிகாலை வருவார். திங்கட்கிழமை ஜீப்பில் இருப்பார்.

சென்ற தடவை ஊருக்குப் போனபோது அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, மொத்தம் எத்தனை மேட்ச் ஆடியிருப்பீங்க?"

"அது ஆடியிருப்போம் தம்பி, ஐநூறு... இல்ல, ஆயிரம் இருக்குமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "மலையில காய எடை போட்டு நோட்டுல எழுதுவாக. ஆட்டத்த எவன் எழுதுனான்?"

அவர் வலது முழங்கால் இப்போது மடங்காது. ஒரு திருவிழாப் போட்டியில், அரை இறுதியில், சங்கிலி போட்டுப் பிடிக்கும்போது சொந்த அணிக்காரரே அவர்மேல் விழுந்துவிட்டார். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். அந்தப் போட்டியின் நோட்டீஸை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு ரூ.10,001 மற்றும் சுழற்கோப்பை.' பரிசு கொடுத்த புண்ணியவான்கள் பெயரெல்லாம் பெரிய எழுத்தில். வாழ்த்துகிறவர்கள் பெயர் வரிசையாக. கீழே விதிமுறைகள். நடுவர் தீர்ப்பே இறுதியானது. கடைசி வரி: 'விளையாட்டின்போது ஏற்படும் காயங்களுக்குக் கமிட்டி பொறுப்பல்ல.'

இந்த வரியை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர், பாடிப் போய் பாயிண்ட் எடுத்த இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். ஆட்டத்தை யாரோ படம் பிடித்திருந்ததால் அது நாடு முழுக்கத் தெரிந்தது. படம் பிடிக்காத ராத்திரிகளில் போன முட்டிகளையும் தோள்பட்டைகளையும் பற்றி நோட்டீஸில் அந்த ஒரு வரிதான்.

எங்க அண்ணன் காலுக்குச் செலவழித்தது அவர் வீட்டம்மா கழுத்தில் கிடந்ததை வைத்து. வேலை ஏதாவது கிடைக்குமா என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் விசாரித்துப் பார்த்தார். மாநில அளவில் ஆடிய சர்டிபிகேட் இருக்கிறதா, தேசிய அளவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருபது வருஷம் ஆடியதற்கு என்ன இருக்கிறது? இருந்தது நோட்டீஸ்கள். நோட்டீஸில் யார் பெயர் இருக்கிறது? பரிசு கொடுத்தவர் பெயர் இருக்கிறது. மைக்செட் வைத்தவர் பெயர் இருக்கிறது. ஆடினவர் பெயர் இல்லை.

எல்லாரும் சேரலாதன் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். அந்தக் கண்ணும் நிதானமும் லட்சத்தில் ஒருத்தருக்கு. ஆனால் 39 வயதில் லீக் என்று ஒன்று வந்ததே, அது ஆறு வருடம் பிந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆள், அதே பிடி, அதே 'பொறு'. நீங்களும் நானும் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். இன்றைக்கு அவர் ஆடின காலத்துப் பாடத்தை அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலைக்கு வந்திருக்கிறார். 2024-இல் தமிழ் தலைவாஸ் அணிக்கு உத்தி வகுக்கிற பயிற்சியாளராக இருந்தார். அந்த சீசன் அணி சரியாக ஆடவில்லை என்பது வேறு விஷயம். எங்க ஊர் அண்ணனும் சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி. "அவசரப்படாதடா... வரட்டும்டா... இன்னுங் கொஞ்சம் வரட்டும்..." என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும்.

உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவுடைய பழைய டிரங்குப் பெட்டியில், சித்தப்பாவின் அலமாரியில் இந்த மாதிரி மஞ்சள் நோட்டீஸ் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் ஆடியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். யார் கேப்டன், யார் கார்னர், யார் பாடியது, எத்தனைக்கு எத்தனை, யாருக்கு எங்கே அடிபட்டது என்று கேட்டு, பேனாவால் எழுதிவையுங்கள். பென்சில் வேண்டாம், அழிந்துவிடும். நான் எங்க அண்ணனிடம் இருந்த நோட்டீஸ்களில் ஆரம்பித்திருக்கிறேன். நாற்பத்து மூன்று இருக்கிறது. இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதில் லெஃப்ட் கார்னர் யார் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. தேவாரத்தில் ஒருத்தருக்குத் தெரியுமாம், போய்க் கேட்க வேண்டும்.